மூன்று கட்டாக அனுப்பு

சேரன்மகாதேவி
12.2.2023

அன்புள்ள மகள் சிவகாமிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம், உன் நலமறிய ஆவல். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும். தைப்பூசத்துக்கு வந்தவள் மறுநாளே கிளம்பிவிட்டாய். போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி வந்தது, அதற்குப் பிறகு ஒன்றையும் காணோம். போனில் பேசினால் நான் கத்துகிறேன் என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் கத்த முடியாது.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் குறையவில்லை, பிசான நெல் கதிர் முற்றிவிட்டது. தம்பி கல்யாண விஷயம் புதுக்குடிக்காரர்களோடு முடிந்த மாதிரிதான். பங்குனியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அம்மா உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னாள். மஞ்சள் கயிறு அடிக்கடி நனைந்தால் பிடரி அரித்துப் புண்ணாகிவிடுமாம், நல்ல நாள் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டுமாம். வேறொன்றும் அவள் சொல்லவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

நீ போன அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். உன் தாமிரபரணி அணைக்கட்டுப் புத்தகம் 350 ரூபாய். பதிப்பகத்தில் கொடுத்திருந்தால் நூற்றுக்குப் பத்து, பிரதிக்கு 35 ரூபாய் ராயல்டி. ஐந்நூறும் விற்றால் 17,500. அதற்கு நீ அலைந்தது மூன்று வருடம். சரி, அது கட்டாது என்று நீயே அச்சிட்டாய். பிரதிக்கு 110 ரூபாய் அடக்கம் என்றாய். கடைக்காரருக்கு நூற்றுக்கு நாற்பது கழிவு, அது 140. மிச்சம் நிற்பது 100. ஐந்நூறும் போனால் 50,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைக்காரர் அந்த 210 ரூபாயை உன் கையில் என்றைக்கு வைக்கிறார்? ஆறு மாதம் கழித்து வைத்தால் அவர் உத்தமர். ஒருவர் 22,000 பாக்கி வைத்துக்கொண்டு போனை எடுப்பதில்லை என்றாயே, அவர் பெயர் இங்கே வேண்டாம். யாருக்கும் கடனுக்குப் புத்தகம் கொடுக்காதே. காசைக் கண்ணால் பார்த்த பிறகு கட்டைப் பிரி.

ஆடியில் அடித்த ஐந்நூறு போய்விட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாய், எனக்கும் சந்தோஷம்தான். ஜனவரி புத்தகக் காட்சிக்கென்று இன்னும் ஆயிரம் அடித்ததை மட்டும் ஏன் சொல்லவில்லை? மாப்பிள்ளை வாய் தவறிச் சொன்னார். அதில் அறுநூறு கட்டிலுக்கு அடியில் இருக்கிறதாம். கோபப்படாதே, அவர் குறையாகச் சொல்லவில்லை, காலை நீட்ட இடமில்லை என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆயிரத்துக்கு 1,10,000 ரூபாய் ஆகியிருக்கும். போன வருடம் காகித விலை ஏறிய ஏற்றத்தில் அதற்கு மேலும் ஆகியிருக்கலாம். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. நகைக்கடனுக்குப் பாங்கில் ஒரு வட்டி, தனியார் கடையில் ஒரு வட்டி, இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் என்று பொதுவாகச் சொல்லிவைக்கிறேன். அவ்வளவுதான்.

நந்தனத்தில் 17 நாள் நின்றாய். கால் வீங்கிப்போய் வந்திருந்தாய், பார்த்தேன். பத்து சதவீதம் தள்ளுபடி போக 315 ரூபாய் கையோடு வாங்கலாம், புத்தகக் காட்சி ஒன்றில்தான் ரொக்கம் என்று நீ சொன்னது சரி. ஆனால் பாதி ஸ்டால் வாடகை, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் கழித்து எழுதிப் பார்த்தாயா? அன்றாடம் எழுத வேண்டும். மாதக் கடைசியில் எழுதுவது கணக்கல்ல, கதை.

அரசு நூலகங்களுக்கு வாங்குகிற நூலக ஆணையையும் நம்பி அச்சிடாதே. நம் வீட்டுச் சொத்து வரி ரசீதில் நூற்றுக்குப் பத்து நூலக வரி என்று தனியாக இருக்கிறது. நாற்பது வருடமாகக் கட்டுகிறேன், அந்தப் பணத்தில் என் மகள் புத்தகத்தையும் ஒருநாள் வாங்கட்டும். வாங்கும்போது வாங்கட்டும். அச்சுப் பாரத்தை எண்ணி அவர்களே விலை வைப்பார்கள், எப்போது பணம் தருகிறார்களோ அப்போது தருவார்கள். அதை வருமானத்தில் எழுதாதே. வந்தால் லாபம் என்று வை.

நீ கடையத்தில் ஒன்றாம் வகுப்புப் படித்தபோது நான் அங்கே சப் போஸ்ட்மாஸ்டர். பாரதியார் இரண்டு வருடம் இருந்த ஊர் அது. 1920இல் அங்கிருந்து சிநேகிதர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தாம் எழுதியதையெல்லாம் 40 புத்தகமாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அடிக்கப்போவதாகவும் அதற்குக் கடன் தந்து உதவும்படியும் கேட்டிருந்தார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு போகும் என்று அவருக்கு நம்பிக்கை. அந்தக் கவர்களெல்லாம் கடையம் தபால் ஆபீசில்தான் முத்திரை வாங்கியிருக்கும். முத்திரை குத்தும்போது நான் அதை நினைத்துக்கொள்வேன். அந்தத் திட்டம் நடக்கவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில்... சரி, அதை எதற்கு இப்போது எழுதுகிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உ.வே.சாமிநாதையரை எடுத்துக்கொள். 1887இல் சீவக சிந்தாமணி அச்சாவதற்கு, புத்தகம் வாங்குகிறோம் என்று ஊர் ஊராகக் கையொப்பம் வாங்கினார். முதலில் ஆள், பிறகுதான் அச்சு. அதோடு அவருக்குக் கும்பகோணம் காலேஜ் சம்பளம் மாதம் பிறந்தால் வந்துகொண்டிருந்தது. நீ சம்பளத்தை முதலில் விட்டாய். விட்டது விட்டதாகவே இருக்கட்டும், நான் அதைப் பற்றி மறுபடி பேசப்போவதில்லை. மில் முதலாளிக்கு அவர் பெயரிலேயே வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுத்தாயே, அதில் வந்த பணம் உன் மூன்று புத்தகத்திலும் சேர்ந்து வரவில்லை. அது இழிவு என்று நீ சொன்னதை நான் ஒப்பவில்லை. நானும் 36 வருடம் அடுத்தவர் எழுதியதைச் சுமந்தவன்தான். வருடத்துக்கு அப்படி ஒன்று எடுத்துச் செய், மீதி நாளில் உன் ஆற்றைப் பற்றி எழுது. உரிமையை மட்டும் மொத்தமாக எவருக்கும் எழுதிக் கொடுக்காதே. நீ நூறு வயது இருப்பாய், அதற்குப் பிறகும் அறுபது வருடம் உன் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது அது. புத்தகத்தைக் கடனுக்கும் கொடுக்காதே. மேலேயே எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

புத்தகத்தை நான் படிக்கவில்லை என்று அம்மாவிடம் வருத்தப்பட்டாயாம். இரண்டு தடவை படித்தேன். கோடைமேலழகியானில் இறங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணையையும் நடந்து பார்த்து, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தூசி தின்று, எந்த மடையை எவன் எந்த வருடம் அடைத்தான் என்று எழுதியிருக்கிறாய். நான் எழுபது வருடமாகக் குளிக்கிற வாய்க்காலைப் பற்றி எனக்கே தெரியாததை நீ சொல்லியிருக்கிறாய். படித்தேன் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

கார்த்திகையில் ஒருநாள் மதியம். புதுக்குடிக்காரர்கள் முதல் தடவை வந்து உள்ளே பட்டாசாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். என் வயது இருக்கும், வெள்ளை வேட்டி, தோளில் துணிப்பை. கோடகன் கால்வாய்ப் பக்கத்து ஊர், வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம், இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பையிலிருந்து உன் புத்தகத்தை எடுத்தார். காலண்டர் தாளில் அட்டை போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி லேபிள் ஒட்டியிருந்தார். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. ‘இதை எழுதின பிள்ளை வீடு இதுதானே? சேரன்மகாதேவி என்று முன்னுரையில் போட்டிருக்கிறது, தெருவில் விசாரித்துக்கொண்டு வந்தேன்’ என்றார்.

புதுக்குடிக்காரர்களிடம் நீ சென்னையில் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். அக்காள் வேலையை விட்டுவிட்டுப் புத்தகம் விற்கிறாள் என்றால், கடன் கிடன் இருக்குமோ, நாளைக்குத் தம்பி தலையில் விழுமோ என்று யோசிப்பார்கள் இல்லையா? அந்தப் பயம். ‘அப்படி யாரும் இங்கே இல்லை, தெரு மாறி வந்திருக்கிறீர்கள்’ என்று சொன்னேன் சிவகாமி. குரலைத் தணித்துச் சொன்னேன், உள்ளே கேட்கக் கூடாதென்று.

அவர் கதவுக்கு மேலே மாட்டியிருக்கும் உன் பட்டமளிப்புப் போட்டோவை ஒரு தடவை பார்த்தார். புத்தகத்தின் பின் அட்டையிலும் உன் படம் இருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார். குடித்துவிட்டு, ஒரு முழுநீளத் தாளை நாலாக மடித்துத் திண்ணையில் டம்ளருக்கு அடியில் வைத்தார். ‘அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்கள் யாராவது வந்தால் கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். ஒரு வாய்ச் சோறு சாப்பிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை நான். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

‘விலாசதாரர் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பினால், அந்த ஆள் நிஜமாகவே இல்லையா என்று இரண்டு தடவை விசாரிக்கச் சொல்லி எத்தனை தபால்காரரைக் கடிந்திருக்கிறேன். என் வாசலில் நானே அதைச் செய்தேன்.

தாளை இரண்டு மாதமாகப் பீரோவில், அம்மா சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். நீ தைப்பூசத்துக்கு வந்தபோது கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். உன் கழுத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. இப்போது இதோடு வைத்திருக்கிறேன். அவர் பக்கத்து மடைகள் நாற்பத்திரண்டுக்கும் பெயர் எழுதியிருக்கிறார், நல்ல கையெழுத்து. நீ புதுமடை என்று போட்டிருப்பது புதன் மடையாம், புதன்கிழமை முறைத் தண்ணீருக்குத் திறப்பதால் அந்தப் பெயராம். அடுத்த பதிப்பில் திருத்து. அந்த அறுநூறு விற்ற பிறகு, முன்னால் அல்ல.

புதுக்குடிக்காரர்களிடம் வருகிற வெள்ளிக்கிழமை போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தம்பியிடம் சொல்லிவிட்டேன், அவனுக்கு என் மேல்தான் கோபம்.

இனி ஒரு காரியம். எனக்கு 24 பிரதி வேண்டும். சும்மா அனுப்பாதே, வாங்குகிறவன் பணம் கட்டி வாங்குகிற வி.பி.பி.யில் போடு. முழு விலை, தகப்பனுக்குத் தள்ளுபடி கிடையாது. ஐந்து கிலோவுக்கு மேல் புத்தகக் கட்டை வாங்க மாட்டார்கள், அட்டை, சணலும் எடையில் சேரும். எட்டெட்டாக மூன்று கட்டாகப் போடு. கட்டுக்கு 2,800, மூன்றுக்கும் சேர்த்து 8,400. பென்ஷன் ஒன்றாம் தேதி வந்துவிட்டது, தபால்காரர் வந்ததும் வாசலிலேயே எண்ணிக் கொடுத்துவிடுவேன். யாருக்கு இத்தனை என்று கேட்காதே. வாத்தியார் ஊருக்குப் போய் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், வெறுங்கையோடு போக முடியாது. மற்றவற்றைக் கல்யாணத்தில் புதுக்குடிக்காரர்களுக்குக் கொடுக்கலாம்.

கட்டின் இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும், ஒட்டிவிடாதே. உள்ளே கடிதம் எதுவும் வைக்காதே, புக் போஸ்ட்டில் கடிதம் வைப்பது விதிக்கு விரோதம். கடிதத்தைத் தனியாகப் போடு.

உன் அப்பா