தன்னாட்சி வேறு, தனிநாடு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திபெத் பற்றிய விவாதங்களில் தன்னாட்சியும் தனிநாடும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. 1961-இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம் திபெத்தியரின் சுயநிர்ணய உரிமையை வெளிப்படையாகவே குறிப்பிட்டது. ஆயினும், 1988-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் தலாய் லாமா முன்வைத்த யோசனை, வெளியுறவைப் பெய்ஜிங்கின் பொறுப்பிலேயே விட்டுவிட்டு, உள்நாட்டு ஆட்சியை மட்டுமே கேட்டது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது மொழி. ஒவ்வோர் இனத்தவரும் தம் மொழியையும் எழுத்தையும் பயன்படுத்தலாம், வளர்க்கலாம் என்று சீன அரசியலமைப்பின் 4-ஆம் பிரிவே கூறுகிறது. அந்தப் பிரிவை நம்பி, ஓர் அமெரிக்க நாளிதழின் காணொளியில் திபெத்திய மொழிக் கல்விக்காகப் பேசிய யுஷு நகரத்துக் கடைக்காரர் தாஷி வாங்சுக்குக்கு, பிரிவினையைத் தூண்டியதாகக் கூறி 2018-இல் 5 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பிரிவினையை அவர் கேட்கவே இல்லை.

யுஷு இருப்பது, வரைபடங்களில் திபெத் என்று அச்சிடப்படும் தன்னாட்சிப் பகுதியில் அல்ல, சிங்காய் மாகாணத்தில். சீனாவிலுள்ள திபெத்தியரில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தப் பகுதிக்கு வெளியேதான் வாழ்கிறார்கள் என்பதால், அதன் தலைநகரான லாசாவோடு நின்றுவிடும் கட்டுரைகள் அவர்களுடைய பள்ளிகளைப் பற்றியும் எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கும்பகோணம்