தகடுகள் தாங்கக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும், வணக்கம்.

ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். அதன் முன்பக்க நன்றியுரை ஆங்கிலத்தில், நாலே வரி. எனக்கு உதவிய பலர் அதைப் பார்க்கப் போவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் என்ன படிக்கிறேன் என்று கேட்காமலே உதவியவர்கள் நீங்கள். எனவே முதலில் அதைச் சொல்கிறேன். அணுமின் நிலையங்களில் உள்ள அழுத்த நீர் உலையின் எரிபொருள் கட்டு சுமார் 4 மீட்டர் உயரம் இருக்கும். 17க்கு 17 கட்டங்கள் கொண்ட வகையில் 264 எரிபொருள் கம்பிகள். அவற்றை விலகாமல் பிடித்து நிறுத்துவது ஸ்பேசர் கிரிட். பள்ளியில் அட்டைகளைக் கீறி, ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கட்டம் செய்வோமே, அதே அமைப்புதான். ஆனால் இது சிர்கோனியக் கலவைத் தகடு, தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். நிலநடுக்கத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டுகள் மோதிக்கொள்ளும்போது அடியை வாங்குவது இந்தத் தகடுகள்தான். அவை நெளிந்து சரிந்துவிட்டால், உலையை அடக்கும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் இறங்கும் வழி கோணலாகும், குளிர்நீர் ஓடும் இடைவெளி குறுகும். இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை. 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வந்த 5.8 அளவு நிலநடுக்கம், அங்குள்ள நார்த் அன்னா அணு உலைகளின் வடிவமைப்பு எல்லையைத் தாண்டியது. முழுச் சோதனைக்குப் பிறகு நவம்பரில்தான் அவை திரும்ப இயங்கின. எவ்வளவு அடிவரை தகடு தாங்கும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் என் வேலை.

முதல் நன்றி, இங்கே சிங்கப்பூரில் துவாஸ் பட்டறையில் வெல்டிங் செய்யும் புதுக்கோட்டை அண்ணனுக்கு. தகடுகள் சந்திக்கும் இடங்களில் வெல்டிங் பற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கிரிட்டின் பலம் ஏறும், இறங்கும். அண்ணன் ஒரு மாதிரியை வெட்டி, தேய்த்துக் காட்டினார். "மேல பாத்தா எல்லாம் ஒண்ணுபோல இருக்கும் தங்கச்சி, உள்ள பாருங்க." அவர் அளந்து தந்த ஆழத்தைக் கணினி மாதிரியில் சேர்த்ததும் என் கணிப்பு சோதனைக்கு நெருங்கி வந்தது. அந்த அத்தியாயத்தில் பாதி அவருடையது என்றே நான் நினைக்கிறேன்.

ஆய்வகத்து சீன அங்கிளுக்கும் நன்றி. கிரிட்டைச் சோதிக்க, ஊசல்போல் ஆடி அடிக்கும் சுத்தியலின் கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அடித்துக்கொண்டே போக வேண்டும். மோதல் விசை கூடிக்கொண்டே வந்து ஒரு அடியில் சட்டென்று விழும். அந்த உச்சம்தான் கிரிட்டின் பலம். ஒவ்வொரு அடிக்கும் அவர் காட்டிய பொறுமை எனக்கு வராது.

அப்புறம் என் பேராசிரியர். புதிய கிரிட்டோடு நிறுத்தாதே என்றார். உலைக்குள் கதிர்வீச்சில், கம்பிகளைப் பிடித்திருக்கும் கிரிட் ஸ்பிரிங்கின் பிடி தளர்ந்து, கம்பிக்கும் கிரிட்டுக்கும் நடுவே இடைவெளி விழும். அப்போது பலமும் மாறும். அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 2012இல் இதுபற்றி ஓர் அறிவிப்பே வெளியிட்டது.

"இங்க உலையே இல்லையேம்மா" என்று எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் தாத்தா கேட்டார். உண்மைதான் தாத்தா. அன்றைய உலைகள் சிங்கப்பூருக்குப் பொருந்தாது என்றுதான் 2012இல் அரசு ஆய்வும் சொன்னது. ஆனால் அறிவை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே ஆய்வு சொன்னது. கேட்ட பிறகும் இரவில் எனக்காக லிஃப்ட் வரை டார்ச் பிடித்து வந்தீர்களே, அதற்கு நன்றி.

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பார்ப்போம். வெல்டிங் அத்தியாயத்தைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன். படங்களில் அளவு ஏதாவது தவறியிருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து உங்கள் தங்கச்சி