அரசுப் பள்ளிகளின் ஆண்டு மானியத்தைத் தலைக்கணக்கின்படி அன்றி, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் அடிப்படையில் ஜூன் மாதத்திலேயே வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர்களும்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

நாள்: 17.11.2025

பொருள்: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் – மாணவர் எண்ணிக்கை வரம்பால் ஏற்படும் பாதிப்பு – மாநில நிதியிலிருந்து ஈடுசெய்து உரிய காலத்தில் விடுவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் பிள்ளைகள் படிக்கும் நடுநிலைப் பள்ளியில் கடந்த கல்வியாண்டில் 103 மாணவர்கள் இருந்தார்கள். இவ்வாண்டு 97 பேர் இருக்கிறார்கள். ஆறு பிள்ளைகள் குறைந்ததனால் பள்ளிக்குரிய ஆண்டு மானியம் 50,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக, அதாவது சரிபாதியாக, இறங்குகிறது. தவறு யாருடையது என்று கேட்டு இம்மனுவை எழுதவில்லை. அலுவலர்கள் விதியில் உள்ளபடிதான் கணக்கிடுகிறார்கள். அந்த விதியையே தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

ஒன்றிய, மாநில அரசுகள் இணைந்து நிதியளிக்கும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நெறிமுறைப்படி 30 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாயும், 100 வரை 25,000 ரூபாயும், 250 வரை 50,000 ரூபாயும், 1,000 வரை 75,000 ரூபாயும், அதற்கு மேல் ஒரு இலட்சம் ரூபாயும் மானியமாக வழங்கப்படுகின்றன. மின்கட்டணம், இணையம், குடிநீர், சுண்ணக்கட்டி, கற்பித்தல் பொருட்கள், பழுதான கருவிகளுக்கு மாற்று, கட்டடம் மற்றும் கழிப்பறைப் பராமரிப்பு ஆகிய எல்லாவற்றையும் இந்தத் தொகையிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் பத்து விழுக்காட்டுக்குக் குறையாமல் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பதும் நெறிமுறையே. 25,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 2,083 ரூபாய் வருகிறது. எட்டு வகுப்புகள், ஒரு மோட்டார், இரண்டு கழிப்பறைத் தொகுதிகள், திறன்மிகு வகுப்பறைக்கான திரையும் அதன் மின்கலமும் உள்ள ஒரு பள்ளியை இத்தொகையில் எவ்வாறு நடத்துவது என்பதைத் துறையே சொல்ல வேண்டும். 103 பேர் படித்தாலும் 97 பேர் படித்தாலும் ஓடுகள் ஒரே எண்ணிக்கையில்தான் உடைகின்றன. மோட்டாரும் அதே அளவு மின்சாரத்தைத்தான் இழுக்கிறது.

மாணவர் எண்ணிக்கை குறைவதைப் பள்ளியின் தரக்குறைவு என்று கொள்வது எங்கள் பகுதியைப் பொறுத்தவரை பொருந்தாது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே பிறக்கின்றன. எந்த ஊர்ப் பள்ளியிலும் முதல் வகுப்பு சுருங்கத்தான் செய்யும். அதற்கு மேல், எங்கள் வட்டாரத்தில் மழை பொய்த்தால் குடும்பங்கள் திருப்பூருக்கும் பெங்களூருவுக்கும் வேலை தேடிப் போய்விடுகின்றன. சில பிள்ளைகள் பொங்கலுக்குப் பிறகு திரும்பி வந்து அதே வகுப்பில் உட்காருகிறார்கள். பள்ளிகளின் விவரங்களை நாடெங்கும் திரட்டும் யூடைஸ் கணக்கெடுப்போ செப்டம்பர் 30-ஆம் நாளின் நிலவரத்தையே அடிப்படையாகக் கொள்கிறது. அன்றைக்கு ஊரில் இல்லாத பிள்ளையின் பொருட்டு, ஊரில் இருக்கும் பிள்ளைகளின் மானியம் பாதியாகிறது.

இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 22-ஆம் பிரிவைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். பள்ளி மேலாண்மைக் குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்று கூறும் அப்பிரிவு, அரசும் உள்ளாட்சி அமைப்பும் வகுக்கும் திட்டங்களுக்கும் வழங்கும் மானியங்களுக்கும் அதுவே அடிப்படையாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும் என்று சட்டம் வகுத்த அந்தக் குழுவில் அமர்ந்து நாங்கள் ஆண்டுதோறும் திட்டம் எழுதுகிறோம், தீர்மானம் நிறைவேற்றுகிறோம், கையொப்பமிடுகிறோம். ஆனால் மானியம் வரும்போது அத்திட்டத்தை யாரும் புரட்டிப் பார்த்ததற்கான அடையாளம் தெரிவதில்லை. இப்படியே போனால் குழுக் கூட்டத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் தாய்மார்கள் வராமல் நின்றுவிடுவார்கள் என்று அஞ்சுகிறோம்.

அடுத்தது, மானியம் வரும் காலம். ஒன்றிய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ பள்ளிகள் திட்டத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையொப்பமிடாததைக் காரணம் காட்டி, 2024-25-ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததையும், அதற்காக மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தை நாடியதையும் நாங்கள் அறிவோம். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றால்தான் பணம் என்பது நியாயமன்று. இதில் நாங்கள் மாநில அரசின் பக்கமே நிற்கிறோம். ஆயினும் வழக்கு முடியும்வரை எட்டாம் வகுப்புப் பிள்ளை எட்டாம் வகுப்பிலேயே காத்திருக்கப் போவதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு நிதிப் பொறுப்பை இரு அரசுகளுக்கும் பொதுவாக்கிவிட்டு, ஒன்றிய அரசு தரும் தொகையையும் பிற வருவாயையும் கருத்தில் கொண்டு சட்டத்தை நிறைவேற்றத் தேவையான நிதியை அளிக்கும் பொறுப்பை மாநில அரசிடமே ஒப்படைக்கிறது. இச்சட்டப்படி நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகள் ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடங்களுக்கான கட்டணம் குறித்த வழக்கில், ஒன்றிய நிதி வரவில்லை என்பதை மாநில அரசு காரணமாகக் கூற முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் மாதத்தில் கூறியுள்ளது. தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பொருந்தும் இந்த நெறி அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் பொருந்த வேண்டும் அல்லவா?

தாமதமாக வரும் பணம் நிதியாண்டின் இறுதியில் வந்து சேர்கிறது. மார்ச்சு 31-க்குள் செலவிடாவிட்டால் திரும்பிவிடும் என்பதால், தேவையானதை அல்ல, உடனே கிடைப்பதை வாங்க நேர்கிறது. ஜூன் முதல் அதுவரையிலான செலவைத் தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் தங்கள் சம்பளத்திலிருந்து போட்டுச் சமாளிக்கிறார்கள். இதை அவர்கள் வெளியே சொல்வதில்லை, நாங்கள் சொல்கிறோம்.

நன்கொடையாளர்களை நாடலாம் என்ற யோசனையும் எங்களிடம் கூறப்பட்டது. கொடுப்பதற்கு எங்கள் ஊர் தயங்கியதில்லை. நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வித் துறை இயக்குநராக இருந்த காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலமும் பெஞ்சும் சீருடையும் கொடுத்துப் பள்ளிகளை வளர்த்த மாநிலம் இது. அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தையும் வரவேற்கிறோம். ஆனால் பெயர்ப்பலகை வைக்க இடமுள்ள பொருளையே நன்கொடையாளர் விரும்புகிறார். பினாயிலுக்கும் மின்கட்டணத்துக்கும் யாரும் முன்வருவதில்லை. அன்றாடச் செலவு அரசின் கடமை.

ஆகவே, எட்டாம் வகுப்பு வரை நடத்தும் எந்த அரசுப் பள்ளிக்கும், மாணவர் எண்ணிக்கை நூறுக்குக் கீழ் இருந்தாலும், ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாத மானியம் கிடைக்கும் வகையில் குறைபடும் தொகையை மாநில நிதியிலிருந்து ஈடுசெய்து ஆணை பிறப்பிக்குமாறு வேண்டுகிறோம். அது உடனடியாக இயலாது எனில், எண்ணிக்கை வரம்புக்குக் கீழ் இறங்கும் பள்ளிக்கு அடுத்த மூன்று ஆண்டுகள் வரை பழைய மானியமே தொடர வேண்டும். மானியத்தின் பாதியையாவது ஒன்றியப் பங்குக்குக் காத்திராமல் ஜூன் மாதத்திலேயே விடுவிக்க வேண்டும். விடுவித்த தொகையையும் நாளையும் மேலாண்மைக் குழுவுக்கு எழுத்தில் தெரிவிப்பதோடு, மேம்பாட்டுத் திட்டத்தில் நாங்கள் கேட்டவற்றில் எது ஏற்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது என்பதற்கும் காரணத்துடன் பதில் தர வேண்டும். இக்கடைசிக் கோரிக்கைக்கு அரசுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

வரும் நிதிநிலை அறிக்கைக்கான துறை மதிப்பீடுகள் இறுதி செய்யப்படும் முன் இம்மனுவைப் பரிசீலித்து, எடுக்கும் முடிவை எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள் மற்றும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: குழுத் தீர்மான நகல், பள்ளி மேம்பாட்டுத் திட்ட நகல், கடந்த ஆண்டின் வரவு செலவுக் கணக்கு.

நகல்: மாவட்ட ஆட்சியர்; மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்.