சட்டையைத் தூக்கிப் பார்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் பேசும்போது பின்னால் பேரன் இருமியது கேட்டது. "ஒண்ணுமில்லம்மா, சளிதான்" என்றாய். ஓர் ஐப்பசி அடைமழையில் நானும் அதையேதான் சொன்னேன். உனக்கு அப்போது எட்டு மாதம். மூன்று நாள் கைமருந்து பார்த்தேன். தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா உன் சட்டையைத் தூக்கினார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் உன் மூச்சை எண்ணினார். 68. "நிமோனியா மாதிரி இருக்கு, இப்பவே கிளம்புங்க" என்றார். சட்டையைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தெரியாமல் போனதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

அவன் அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ணு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50-ஐத் தொட்டாலே வேகமூச்சு. அதற்குப் பிறகு ஐந்து வயது வரை 40. வேகமூச்சு என்றால் அன்றே டாக்டரிடம் காட்டு. நெஞ்சில் குழி விழுந்தாலோ, முனகினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே.

சாம்பிராணி போடாதே, கொசுவர்த்தியும் வேண்டாம். புகை பிஞ்சு மூச்சுக்குழாய்க்கு ஆகாது. உனக்கு நான் மூக்கில் எண்ணெய் விட்டேன், தேன் தடவினேன். இரண்டும் தவறு. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. ஆவி பிடிக்கிறேன் என்று கொதிநீரை அவன் பக்கத்தில் கொண்டுபோகாதே. மூக்கடைப்புக்கு டாக்டர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு போதும். தாய்ப்பாலை நிறுத்தாதே. போன தடவை மீந்த ஆன்டிபயாடிக்கை நீயாகக் கொடுக்காதே, வைரஸ் சளிக்கு அது கேட்காது.

மாப்பிள்ளையிடமும் சொல். ஆர்எஸ்வி என்றொரு வைரஸ். பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாக வந்து போவது, கைக்குழந்தைக்கு மூச்சிரைப்பாக முற்றலாம். வெளியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவிவிட்டுத் தூக்கட்டும். யாருக்காவது சளி என்றால் முத்தம் வேண்டாம், முகக்கவசம் போடட்டும்.

ஆறு மாதம் முடிந்துவிட்டதால் ஃப்ளூ ஊசி போடலாம். முதல் முறை என்பதால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. நிமோனியாவைத் தடுக்கும் ஒன்பதாம் மாத நியூமோகாக்கல் பூஸ்டர் ஊசியையும் தள்ளிப் போடாதே.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறேன். அதுவரை காலையும் இரவும் எண்ணி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா