உன் ஞானப்பிள்ளை சேரப் போகும் சபை

அன்புள்ள அந்தோணி,

நலம். நலமறிய ஆவல். மூட்டுவலி அப்படியேதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் ஞானப்பிள்ளை சாமியாராகப் போகிறானாம். கிடைத்த வேலையை விட்டுவிட்டு சாமிநாதர் (தொமினிக்) சபையில் சேரப் போகிறான். உன் தங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் கத்தினேன்: "அவர்கள் யாரென்றாவது தெரியுமாடா?" "உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து அவர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே. சரித்திரத்தில் நான் வாங்கிய மார்க் குண்டு சாரோடு போகட்டும்.

சாமிநாதர் ஸ்பெயினில் காலெருவேகா ஊர்க்காரர். பலென்சியாவில் படிக்கும்போது பஞ்சம் வர, தன் புத்தகங்களை விற்று ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். அச்சு இல்லாத காலமடா! தோலில் கையால் எழுதி, ஓரத்தில் தன் குறிப்புகளும் சேர்த்து வைத்திருந்தவை. ஜனங்கள் பசியில் சாகும்போது செத்த தோலை வைத்துப் படிப்பதா என்றாராம். இரவல் கொடுத்த அகராதிக்கு இன்னும் கணக்குக் கேட்கிற உனக்கு இது புரியாது.

1203-இல் ஸ்பெயினின் காஸ்டீல் நாட்டு இளவரசனுக்குப் பெண் பேச, ஆயர் தியேகோவோடு டென்மார்க்குக்குக் கிளம்புகிறார். வழியில் தென் பிரான்சின் துலூஸில் தங்கிய விடுதியின் சொந்தக்காரர் ஒரு கத்தாரி, திருச்சபையிலிருந்து விலகிப்போன பிரிவுக்காரர். கண்ணால் காணும் உலகமே தீய சக்தியின் படைப்பு என்பது அவர்கள் கொள்கை. விடிய விடியப் பேசியே விடுதிக்காரரின் மனத்தை சாமிநாதர் மாற்றினாராம். 1206-இல் மோன்பெல்லியேவில், கத்தாரிகளைத் திருப்ப வந்த பாப்பரசரின் தூதர்களைப் பார்க்கிறார்கள். குதிரை, பரிவாரம் எல்லாம் இருந்தும் போதனையைக் கேட்கத்தான் ஆளில்லை. குதிரைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, காசில்லாமல் நடந்து போய்ப் பேசுங்கள் என்றார் தியேகோ. கத்தாரிப் போதகர்கள் அப்படித்தான் எளிமையாக வாழ்ந்தார்கள், அதனால்தான் ஜனம் அந்தப் பக்கம் போனது. சபையின் விதை அங்கே விழுந்தது.

1215-இல் துலூஸில் பேதுரு செய்லா என்பவர் சபைக்குத் தன் வீட்டைக் கொடுத்தார். அதே வருடம் ரோமில் ஆயர்கள் கூடிய லாத்தரன் சங்கம் புதிய துறவற ஒழுங்குகள் கூடாதென்றது. சரி, அகுஸ்தீனாரின் பழைய ஒழுங்கையே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்! 1216 டிசம்பர் 22-இல் பாப்பரசர் ஒனோரியுஸ் ஒப்புதல் தந்தார். அடுத்த ஆகஸ்டிலேயே சாமிநாதர், இருந்த சொற்ப ஆட்களையும் பாரிசுக்கும் ஸ்பெயினுக்கும் பிரித்து அனுப்பிவிட்டார். குவித்து வைத்த தானியம் மக்கிப்போகுமாம். தலைவர்களை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். படிப்புக்கு இடைஞ்சல் என்றால் விதியையே தளர்த்தலாம். இவனுக்கென்றே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

அப்புறம் தூக்கம் கெட்ட பக்கத்துக்கு வந்தேன். 1208-இல் தூதர்களில் ஒருவர் கொலையானார். 1209-இல் கத்தாரிகள் மேல் சிலுவைப்போர். பெசியே நகரில் கோயிலுக்குள் ஒளிந்தவர்களைக்கூட விடவில்லை. சாமிநாதர் வாளெடுக்கவில்லை, பேசிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பெசியேவுக்குப் பிறகு அந்தப் படைக்குத் தலைவனான சிமோன் த மோன்ஃபோர் அவருக்கு வேண்டியவன். தடுத்துப் பார்த்தாரா? ஒரு வார்த்தை கண்டித்தாரா? எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. 1221-இல் பொலோஞாவில் இறந்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பாப்பரசர், கொள்கை மாறியவர்களைப் பிடித்து விசாரிக்கும் விசாரணை மன்றத்தை அவருடைய பிள்ளைகள் கையில் கொடுத்தார். விடிய விடியப் பேசியவரின் சபைக்கு அந்த வேலை எதற்கு, அந்தோணி?

இதைக் கேட்டால் இவன், "அதையும் படித்துவிட்டுத்தான் போகிறேன்பா" என்கிறான். பயமாக இருக்கிறது. கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது, எழுதி வைக்காதே.

இன்னொன்று. கிழவிகளைவிட இளம்பெண்களோடு பேசுவதுதான் தனக்குப் பிடித்திருந்தது என்று சாகும்போது சகோதரர்களிடம் ஒப்புக்கொண்டாராம் மனுஷன். உன் தங்கையிடம் சொல்லவில்லை. நீயும் உளறிவிடாதே.

இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே இங்கே வா. பெசியே பற்றி அவனிடம் நீ கேள். நான் கேட்டால் சண்டையில் முடிகிறது.

உன்,
ஜேம்ஸ்