கையடக்கப் பதிப்பில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள்: திருத்தமோ பணமோ கோரிப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்கள் நால்வர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
கேமை வெளியிட்ட நிறுவனம்.

பொருள்: டிவி கன்சோலிலிருந்து ஹேண்ட்ஹெல்டுக்கு (கையடக்கக் கருவிக்கு) மாற்றிய பிளாட்ஃபார்ம் கேமின் (ஓடித் தாவி ஆடும் விளையாட்டின்) குறைகள் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

ஹேண்ட்ஹெல்ட் பதிப்பில் தெரியாத பள்ளத்தில் விழ வேண்டியிருக்கிறது என்று முன்பே எழுதினோம். கடினமாக இருப்பது வடிவமைப்பின் ஒரு பகுதி என்று பதில் அனுப்பினீர்கள். அதன் பிறகு இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் வைத்து அளந்தோம். பிழை பதிப்பில்தான் இருக்கிறது.

கேமின் களம் சம அளவுச் சதுரக் கட்டங்களால் ஆனது. டிவியில் குறுக்கே 32 கட்டமும் உயரத்தில் 18 கட்டமும் தெரிகின்றன. ஹேண்ட்ஹெல்டில் தெரிவது 24-க்கு பதின்மூன்றரை. பரப்பில் 44 சதவீதம் காணாமல் போயிருக்கிறது. நாயகன் திரையின் நடுவிலேயே நிற்கிறான், வேகமாக ஓடும்போது நொடிக்கு 12 கட்டம் கடக்கிறான். எனவே எதிரே வரும் முள்ளைக் கண்டு தாவ டிவியில் 1.33 நொடி இருந்தது, இங்கே 1 நொடிதான். அருவி லெவலில் நிலைமை இன்னும் மோசம். அடுத்த பலகை 8 கட்டம் கீழே இருக்கிறது. டிவியில் கீழே 9 கட்டம் தெரிவதால் பார்த்துக் குதிக்கலாம். இங்கே ஏழு கட்டம்கூட முழுதாகத் தெரியாது, குருட்டாம்போக்கில்தான் குதிக்க வேண்டும்.

உருவம் சிறுத்துவிடும் என்று கேமராவைக் கிட்டே இழுத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. அதற்குத் தேவையே இல்லை. 7 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 155 மி.மீ. 32 கட்டத்தையும் அப்படியே காட்டினாலும் ஒரு கட்டம் 4.8 மி.மீ. வரும். கேம்பாய் அட்வான்ஸ் என்ற பழைய கையடக்கக் கருவியின் 2.9 அங்குலத் திரையில் 16 புள்ளி (பிக்சல்) அகலக் கட்டம் 4 மி.மீ.தான் இருந்தது, அதில் சூப்பர் மாரியோ வேர்ல்டை எல்லோரும் சுகமாக ஆடினார்கள். கிட்டேதான் காட்டுவோம் என்றால், ஓடும்போது நாயகனைத் திரையின் இடது மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். எதிரே 16 கட்டம் தெரியும், டிவியில் தெரியும் அதே அளவு. கீழே பார்க்க ஒரு பொத்தான் கொடுங்கள். 1999-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ், கேம்பாய் கலர் என்ற கையடக்கக் கருவியின் 160-க்கு 144 புள்ளித் திரையில் மேலும் கீழும் பார்க்க வழி செய்து கொடுத்தது. அப்படிச் செய்யாவிட்டால் என்னவாகும் என்பதற்கு கேம் கியர் என்ற கையடக்கக் கருவிக்கு 1992-இல் வந்த சோனிக் 2 கேம் சாட்சி. மாஸ்டர் சிஸ்டம் என்ற டிவி கன்சோலில் 256-க்கு 192 புள்ளியில் தெரிந்த களம் அதில் 160-க்கு 144 ஆகச் சுருங்கியது. முதல் பாஸ் (பெரிய எதிரி) சண்டையில் உருண்டு வரும் குண்டுகள் தலைக்கு அருகில் வந்த பிறகே கண்ணில் படும். ஆடியவர்கள் இன்றும் அதை மறக்கவில்லை.

அடுத்தது தாமதம். நொடிக்கு 240 படம் எடுக்கும் போன் கேமராவில் கட்டைவிரலையும் திரையையும் சேர்த்துப் பிடித்தோம். பொத்தானை அழுத்தி நாயகன் கிளம்பும் வரை டிவி பதிப்பில் 16 படம், அதாவது 67 மில்லிநொடி. ஹேண்ட்ஹெல்டில் 32 படம், 133 மில்லிநொடி. கேம் நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் வரையும் படம்) ஓடியதை 30 ஆக்கியதால் ஒவ்வொரு ஃபிரேமும் இரு மடங்கு நேரம் காத்திருக்கிறது. பின்னணியில் பனிமூட்டம், நீர்ப் பிரதிபலிப்பு இரண்டையும் எடுத்துவிட்டாவது 60-ஐத் திருப்பிக் கொடுங்கள். தாவு விளையாட்டில் அழகைவிட விரலுக்கு உடனே கிடைக்கும் பதில் முக்கியம்.

இறகு மிதப்பையும் கவனியுங்கள். டிவி கன்சோலில் தோள் பொத்தானை (மேல் விளிம்பில் உள்ள பொத்தானை) பாதி அழுத்தினால் மெதுவாக இறங்கலாம். இந்தக் கருவியின் தோள் பொத்தானுக்குப் பாதி என்பதே கிடையாது, அழுத்தினால் முழுசு, விட்டால் ஒன்றுமில்லை. ஐந்தாம் உலகம் முழுக்க அந்த மிதப்பை நம்பியே கட்டப்பட்டிருக்கிறது. மெதுவாக இறங்கத் தனிப் பொத்தான் ஒதுக்குங்கள். சூப்பர் மாரியோ வேர்ல்டின் சுழல் தாவலை, பொத்தான் குறைந்த கேம்பாய் அட்வான்ஸில் வலது தோள் பொத்தானுக்கு மாற்றினார்களே, அந்த மாதிரி. விளக்கில்லாத அந்தத் திரைக்காக நிறங்களையும் வெளிறச் செய்தார்கள். உங்கள் குகை லெவல்களோ, கடலூர் பஸ்ஸில் பகல் நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெறும் கறுப்பு. மெனுவில் வெளிச்சத்தைக் கூட்டும் வசதியே இல்லை.

களத்தைப் பெரிதாக்கிய நீங்கள் எழுத்தைப் பெரிதாக்கவில்லை. 1.5 மி.மீ. உயரம்கூட இல்லாத எழுத்தை யார் படிப்பது?

30 நாளுக்குள் கேமராவையும் பொத்தானையும் சரிசெய்து அப்டேட் தாருங்கள். 60 ஃபிரேம் எப்போது வரும் என்று எழுத்தில் சொல்லுங்கள். முடியாதென்றால் நான்கு பிரதிக்கும் முழுப் பணத்தைத் திருப்பிவிடுங்கள். இரண்டும் நடக்காவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாங்கள் வசிக்கும் புதுச்சேரியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இணைப்பு: ரசீது நகல் 4, அளவெடுத்த வீடியோ 2.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்கள் நால்வர்