அவர்களே நடத்தட்டும், சம்பளத்துடன்

ஆசிரியர் அவர்களுக்கு,

கர்ப்பகாலத்தில் மது அருந்துவதன் ஆபத்துகள் பற்றிச் சென்ற மாதம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். எழுதியதில் பிழை இல்லை. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றியே பேச்சு. அந்தப் பாதிப்போடு பிறந்து வளர்ந்து, இன்று முப்பது வயதில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. வளர்ந்தவர்களுக்கான குழு இல்லம் ஒன்றில் நான் நெடுங்காலமாக ஆதரவுப் பணியாளராக இருக்கிறேன். அந்த முப்பது வயதுக்காரர்களுடன்தான் என் வேலை.

எஃப்.ஏ.எஸ்.டி. என்று இங்கே சொல்லப்படும் இந்த நிலை, கருவில் இருக்கும்போதே மது மூளையைத் தாக்குவதால் வருவது. 1973 இல் சியாட்டில் வைத்தியர்கள் இதை விவரித்தபோது மெல்லிய மேலுதடு, சிறிய கண்கள் போன்ற முக அடையாளங்களைக் குறிப்பிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த அடையாளங்கள் இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. பார்வைக்கு எல்லோரையும் போல இருப்பார்கள். சரளமாகக் கதைப்பார்கள். நாளை நாலு மணிக்கு வாருங்கள் என்றால் மனதாரச் சரி என்பார்கள், ஆனால் வரமாட்டார்கள். உடனே சோம்பேறி, பொய்யன் என்ற பட்டம் வந்துவிடும். நேரத்தைக் கணிப்பதும் நினைவில் வைப்பதும் அந்த மூளைக்கு எவ்வளவு பாடு என்பது வெளியே தெரிவதில்லை. கனடாவில் நூறு பேரில் நான்கு பேருக்கு இது இருக்கலாம் என்பது மதிப்பீடு. இவர்களில் பலர் நுண்ணறிவுச் சோதனையில் எழுபதுக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால் போயிற்று, பல உதவித் திட்டங்களின் கதவு சாத்தப்படும்.

எங்கள் இல்லத்து இளைஞர் ஒருவர் மாலையில், எஃப்.ஏ.எஸ்.டி. உள்ளவர்கள் கூடும் ஒரு குழுவுக்குப் போகிறார். அதை நடத்துபவருக்கும் இதே பாதிப்புத்தான். அந்த இளைஞரைக் கொண்டுபோய் விடும்போது நான் கண்டவற்றை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கூட்டம் தொடங்குமுன் குழாய் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். அந்த விளக்கின் இரைச்சல் என் காதில் விழுவதே இல்லை. அவர்களுக்கோ அது மண்டைக்குள் கேட்கிறதாம். எழுந்து நடக்கலாம், சுவரோடு சாய்ந்து நிற்கலாம், சொன்னதையே திரும்பச் சொல்லலாம், ஒருவரும் பெருமூச்சு விடுவதில்லை. நடத்துபவர் அன்று பிற்பகல் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைப்பார். ஆறு மணிக்குக் கூட்டம் என்று நினைவூட்டுவதற்கல்ல. “இப்போது சப்பாத்தைப் போடு. போட்டாயா? திறப்பு எங்கே? பஸ் அட்டை எந்தப் பையில்?” என்று கேட்டுக்கொண்டே, ஆள் வாசலைத் தாண்டும்வரை அழைப்பைத் துண்டிக்கமாட்டார். இப்படி அழைக்க வேண்டும் என்பதே மறந்துவிடும் என்பதால், அதற்கும் தன் கைபேசியில் அலாரம் வைத்திருக்கிறார்!

மாதத்தில் ஒரு கூட்டம் கடிதம் பிரிப்பதற்கு. பிரிக்காத கடிதங்களைப் பிளாஸ்டிக் பையோடு கொண்டுவருவார்கள். ஒன்ராறியோ ஊனமுற்றோர் உதவித்தொகைக்கான மருத்துவப் படிவங்களைத் தொண்ணூறு நாள்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த உறையை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டுப் பயத்தில் திரும்பிப் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். “நான் மட்டும்தான் இப்படி என்று நினைத்தேன்” என்றாள் ஒரு பெண். நடத்துபவர் தன் பையைக் கவிழ்த்துக் காட்டினார். அவளுடையதைவிடப் பெரிய குவியல். அவள் சிரித்தபடியே முதல் உறையைக் கிழித்தாள். அதே உறையைப் பிரிக்கச் சொல்லி நான் எத்தனை முறை அன்பாகக் கேட்டிருந்தாலும் அது கண்டிப்பாகவே அவள் காதில் விழுந்திருக்கும்.

இது ஆறுதல் தேடும் கூட்டம் மட்டும் என்று எண்ணவேண்டாம். மைல்ஸ் ஹிம்மல்ரைக், சி.ஜே. லூட்கி முதலியோர், எல்லோரும் இந்தப் பாதிப்புள்ளவர்களே, ஐந்நூறுக்கும் மேற்பட்ட வளர்ந்தவர்களிடம் உடல்நலம் பற்றிக் கேள்விக்கொத்து ஒன்றை நடத்தினார்கள். மூட்டு வலி, காது, தூக்கம், குடல் என்று இளவயதிலேயே வரிசையாகத் தொல்லைகள் இருப்பது அதில் தெரியவந்தது. ஆய்வாளர்கள் நடத்தையையும் மூளையையும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், உடம்பைப் பற்றிக் கேட்கத் தோன்றியது அந்த உடம்போடு வாழ்பவர்களுக்குத்தான்.

இப்படிப்பட்டவர்களை நிறுவனங்கள் எப்படி நடத்துகின்றன? நான் போன பயிற்சி நாள் ஒன்றில் ஒருவரை அழைத்து வாழ்க்கைக் கதையைச் சொல்லவைத்தார்கள். மண்டபமே கண்ணைத் துடைத்தது. படம் போட்டு விளக்கிய நிபுணருக்குக் கட்டணம், கதை சொன்னவருக்குக் கோப்பிக்கடைப் பரிசு அட்டை. பஸ் காசு கொடுக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர்களே நடத்தட்டும் என்பதற்காக, அறையின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு நாம் கழன்றுகொள்வதும் நியாயமல்ல. கணக்கு வழக்குப் பார்க்க ஒருவர் வேண்டும். நடத்துபவருக்கு முடியாமல் போகும் நாளில் அந்த இடத்தில் நிற்க ஒருவர் வேண்டும். குழுவில் ஒருவர் சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொன்னால் அந்தச் சுமை நடத்துபவரின் தலையில் மட்டும் விழக்கூடாது. இதற்கெல்லாம் பணம் வேண்டும். எஃப்.ஏ.எஸ்.டி. சேவைகளுக்கு ஒதுக்கும் நிதியில் குழு நடத்துபவர்களின் சம்பளம் தனி வரியாக இருக்க வேண்டும் என்று எங்கள் மாகாண உறுப்பினருக்கும் எழுதியிருக்கிறேன்.

நம்மவரிடையே இது இல்லை என்று பலர் சொல்லக் கேட்கிறேன். எந்தக் கலியாண வீட்டுக்குப் போய்விட்டு வந்து இதைச் சொல்கிறார்களோ தெரியாது. கர்ப்பம் என்று தெரியுமுன்பே குடித்த பெண்கள் உண்டு, ஒரு கிளாஸ் பரவாயில்லை என்று சொல்லப்பட்டவர்களும் உண்டு. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் தொனி உங்கள் கட்டுரையிலும் கொஞ்சம் இருந்தது. அதை வாசிக்கும் தாய் பிள்ளையை வைத்தியரிடம் கூட்டிப்போவாளா, மறைப்பாளா?

செப்டெம்பர் 9 எஃப்.ஏ.எஸ்.டி. நாள். 1999 இல் அதைத் தொடங்கியவர்களில் ரொறன்ரோவைச் சேர்ந்த வளர்ப்புப் பெற்றோரும் இருந்தார்கள். இந்த முறை அன்றைய பக்கத்துக்கு வைத்தியரைத் தேடாமல், இப்படி ஒரு குழுவை நடத்துபவரைப் பேட்டி காணுங்கள். கேள்விகளை முன்கூட்டியே, ஒவ்வொன்றாக அனுப்புங்கள். புறப்பட வேண்டிய நேரத்தில் தொலைபேசியில் அழையுங்கள். போக்குவரத்துச் செலவையும் அவரது நேரத்துக்கான கட்டணத்தையும் அன்றே கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆதரவுப் பணியாளர் ஒருவர்,
ஸ்காபரோ.